கிடங்கு அறையில் இரண்டு மழைக்காலம்

கேள்வி: கணவரின் வேலைக்காக ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மனி போகிறோம். திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆகும். மடிப்பாக்கத்தில் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாமான்களை 10க்கு 10 அடி ஸ்டோரேஜ் அறை ஒன்றில் வைக்கலாம் என்று இருக்கிறோம். தேக்குக் கட்டில், ஸ்டீல் பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, இன்வெர்ட்டர், சுமார் 400 புத்தகங்கள், 30 பட்டுப் புடவைகள், பித்தளைப் பாத்திரங்கள், மாமியார் கொடுத்த தஞ்சாவூர் ஓவியம், என் வீணை எல்லாம் இருக்கின்றன. எந்தப் பூட்டு வாங்கலாம்? பாச்சை உருண்டை எவ்வளவு போட வேண்டும்? எல்லாவற்றையும் பிளாஸ்டிக் சுற்றி வைத்துவிட்டால் போதுமா?
– வாசகி, சென்னை

பதில்: பூட்டு விஷயம் சுருக்கமானது, அதை முதலில் முடித்துவிடலாம். வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூட்டைக் கட்டர் வைத்து வெட்டிவிடலாம். வட்ட வடிவில், வளையம் பூட்டின் உடலுக்குள்ளேயே மறைந்திருக்கும் டிஸ்க் பூட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். அறைக் கதவின் கொண்டியில் அது பொருந்துமா என்று அளவு பார்த்து வாங்க வேண்டும். ஒரு சாவி உங்களிடம், ஒன்று இங்கே நம்பிக்கையான உறவினரிடம். நிறுவனத்திடம் சாவி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன், உங்களுக்குத் தருவது பூட்டிக்கொள்ளும் தனி அறையா, பொதுக் கூடத்தில் சீல் வைத்து அடுக்கும் முறையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஸ்டோரேஜ் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாவது முறையில் உங்கள் உறவினர் நினைத்த நேரத்தில் போய்த் திறந்து பார்க்க முடியாது. நான் கீழே சொல்லும் பாதி வேலைகள் அப்போது நடக்காது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்தான்: சென்னையில் பூட்டிய அறைக்குள் இருக்கும் சாமானை அழிப்பது பெரும்பாலும் ஈரம். பாச்சை உருண்டை ஈரத்தை ஒன்றும் செய்யாது. பிளாஸ்டிக் சுற்று அதை உள்ளேயே பிடித்து வைக்கும்.

கணக்காகப் பார்த்தால் இது எளிதில் புரியும். 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் அறையில் 28 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், அந்தக் காற்று கிட்டத்தட்ட 700 கிராம் தண்ணீரை ஆவியாகச் சுமந்திருக்கும். 50 கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்று உறிஞ்சக்கூடியது சுமார் 15 கிராம். அதற்குள் கதவிடுக்கு வழியாகப் புதிய காற்று வந்துவிடும். ஆகவே அறையில் ஆங்காங்கே சிலிக்கா ஜெல் பைகளைப் போடுவது காசைக் கொட்டுவது. இறுக மூடிய பெட்டிக்குள் மட்டுமே அது வேலை செய்யும். அதே காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் பனித்துளி படியத் தொடங்கும். மழை நாளின் இரவில் தகரக் கூரை அந்த அளவுக்குக் குளிர்வது சாதாரணம். கூரையின் உட்புறத்தில் படிந்த நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கூரை ஒழுகுகிறது என்று சண்டை போடுபவர்கள் பலர் பார்ப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

ஆகவே அறையைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாதுகாப்பு. தரைத்தளம் வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், கோட்டூர்புரம் பக்கம் வந்த வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் தண்ணீரில் நின்ற நிலையையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு முறையும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கிடங்கு அலுவலகத்தில் கேட்பதோடு, எதிரே இருக்கும் டீக்கடையிலும் கேளுங்கள். மேல்தளம் தகரக் கூரையாக இருந்தால் அதுவும் வேண்டாம். மே மாத வெயிலையும் மேலே சொன்ன சொட்டையும் அது நேராக வாங்கும். தளத்துக்கு மேல் இன்னொரு தளம் இருக்கிற அறை, வெளிச்சுவரை ஒட்டாமல் உள்பக்கம் அமைந்த அறை கிடைத்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தும் எடுக்கலாம். உங்கள் சாமான்களுக்கு அது நியாயமான செலவு.

பார்க்கப் போகும்போது ஒரு மழைக்கு மறுநாள் போங்கள். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, ஷட்டரின் அடிப்பகுதி துரு ஏறியிருக்கிறதா, சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நின்று ஷட்டரை இறக்கச் சொல்லுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அது எலிக்கு வாசல். பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். அடியில் ரப்பர் பட்டை அடித்துத் தரக் கேளுங்கள். சுவரில் மண்ணால் பூசியது போன்ற பென்சில் தடிமன் கோடு தெரிந்தால் அது கரையான் பாதை. அந்த அறையை எடுக்காதீர்கள்.

இனி உள்ளே அடுக்குவது. தரையில் ஒரு பொருளும் நேராகப் படக்கூடாது. 4 முதல் 6 அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் பேலட்களை, அதாவது சரக்கு அடுக்கும் பலகைத் தட்டுகளை, போட்டு அதன்மேல் வையுங்கள். மரப் பேலட் என்றால் வெப்பச் சிகிச்சை முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். பழைய மரப் பேலட்டில் வண்டு ஏற்கெனவே குடியிருக்கலாம். நாலு பக்கச் சுவரிலிருந்தும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காற்று போகும், கரையான் சுவரில் ஏறினால் கண்ணுக்கும் தெரியும். நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டாக நுழைந்து பின்சுவர் வரை போகிற வழி இருக்க வேண்டும். இந்த வழியை எல்லோரும் இடம் வீண் என்று அடைத்துவிடுகிறார்கள். பிறகு ஆறு மாதம் கழித்துப் பின்வரிசையில் என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடிவதில்லை. கூரையில் தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதற்குக் கீழே ஒன்றரை அடி காலியாக விடுங்கள்.

மரம்தான் அறையில் இருக்கும் மிகப் பெரிய தண்ணீர்த் தொட்டி. 100 கிலோ மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். வெயில் காலத்தில் அதை வெளியே விடும். மழைக்காலத்தில் திரும்ப வாங்கும். இந்தப் போக்குவரத்தை ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அடைத்தால் ஃபிலிமுக்கும் பாலிஷுக்கும் நடுவில் பூசணம் பூக்கும். பபிள் ராப் நேராகப் பட்டால் பாலிஷில் வட்டம் வட்டமாக அச்சு விழும். கட்டிலைக் கழற்றி, பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் ஒவ்வொரு பாகத்தையும் சுற்றி, நாடாவால் கட்டுங்கள். ஏற்றி இறக்கும்போது அடிபடாமல் இருக்க அதன்மேல் பபிள் ராப் சுற்றலாம். அறைக்குள் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு அதே பாகத்தில் கட்டுங்கள். தேக்குக்குக் கரையான் பெரிதாக வராது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான தேக்குக் கட்டில்களுக்குப் படுக்கும் பலகை பிளைவுட். முதலில் அரிபடுவது அதுதான். அதை மட்டும் சுவரிலிருந்து தள்ளி, நிமிர்த்தி, தனியாக வையுங்கள். மெத்தை இலவம் பஞ்சு என்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஃபோம் என்றால் துணி உறை போட்டு, பேலட்டின்மேல் படுக்க வைக்கலாம்.

ஸ்டீல் பீரோவுக்குள் துணி அடைத்து இடத்தை மிச்சம் பிடிக்கத் தோன்றும். வேண்டாம். மெல்லிய தகடு காற்றைவிட முன்னதாகக் குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். காலி பீரோவின் கீறல்களில் கார் மெழுகு தடவி, உள் தட்டுகளில் பாத்திர டப்பாக்களை வைக்கலாம்.

துணிகளைப் பற்றியும் ஒரு கணக்கு. நம் ஊர்க் காற்றில் சாதாரணமாக மடித்து வைத்திருக்கும் 10 கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ ஒரு கிலோ தண்ணீர் இருக்கும். அதை அப்படியே பிளாஸ்டிக் பெட்டியில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். ஆகவே பெட்டி கட்டும் நாளை வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். துணிகளைப் பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை காய வைத்து, பிறகு ஏசி ஓடுகிற அறையில் இரவு முழுவதும் பரப்பி வைத்து, அங்கேயே மடித்துப் பெட்டியை மூடுங்கள். ரப்பர் விளிம்பு உள்ள 50 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல் அப்போது போதும். ஆரஞ்சு நிற ஜெல்லாக வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டில் புழங்க நல்லதல்ல. நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப வேலைக்கு வரும். கடைகளில் ஈரம் உறிஞ்சித் தண்ணீர் சேரும் டப்பாக்கள் விற்கின்றன; அவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. மாதக்கணக்கில் யாரும் பார்க்காத அறையில் அது நிரம்பி வழிந்தால் கொட்டுவது உப்பு நீர். பீரோவின் காலடியில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாச்சை உருண்டை சில பூச்சிகளை விரட்டும், அவ்வளவுதான். கரையானுக்கும் எலிக்கும் பூசணத்துக்கும் அது மருந்தல்ல. காற்றில் கரைந்து சில மாதங்களில் தீர்ந்தும் போகும். சில வகைப் பிளாஸ்டிக்கை இளக வைக்கும். பட்டின் ஜரிகை அருகே அது இருக்கவே கூடாது. இன்னொன்றும் முக்கியம்: அந்த மணம் ஏறிய துணியைக் காற்றாட விடாமல் கைக்குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் சிதையும். துணிப் பெட்டிகளில் வசம்புத் துண்டுகளை மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள்.

பட்டுப் புடவைகள் இந்த அறைக்குப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 30 புடவைகள் ஒரு பெரிய சூட்கேஸ் அளவுதான். அம்மா வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ அலமாரியில் ஒரு தட்டு கேளுங்கள். பட்டுக்குத் தேவை மனிதக் கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் இரண்டு ஆண்டில் மடிப்புக் கோட்டிலேயே ஜரிகை அறுந்து நிற்கும். கொடுப்பதற்கு முன் வியர்வையும் கறையும் போகச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும்.

வீணைக்கும் அதே பதில், இன்னும் அழுத்தமாக. வீணைத் தண்டில் இருக்கும் உலோக மெட்டுகள் கரியும் தேன்மெழுகும் கலந்த கறுப்பு மெழுகில் பதித்தவை. மே மாதத்தில் மூடிய அறையின் சூட்டில் அந்த மெழுகு இளகும், மெட்டு நகரும், நீங்கள் திரும்பி வந்து மீட்டினால் சுருதி சேராது. பிறகு மேளம் கட்டுபவரை, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பவரை, தேடிப் பிடித்து முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில், ஆள் நடமாடும் அறையில் அது இருக்கட்டும். தஞ்சாவூர் ஓவியமும் பலகையில் ஒட்டிய துணியின்மேல் சுண்ணமும் பசையும் தங்க ரேக்கும் சேர்ந்தது. பலகை ஈரத்தில் உப்பிச் சுருங்கினால் மேலே இருக்கும் சுண்ணம் விரிசல் விடும். உறவினர் வீட்டின் உள்சுவரில் மாட்டி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு அதற்குக் கிடையாது.

புத்தகங்கள் 400 என்றால் சுமார் 140 கிலோ வரும். பெட்டிக்கு 12 கிலோ வீதம் 12 பெட்டிகள். அதற்கு மேல் ஏற்றினால் தூக்குபவர் தொப்பென்று போடுவார். 5 பிளை புதுப் பெட்டிகளே வேண்டும். மளிகைக் கடையின் பழைய அட்டைப்பெட்டியில் கரப்பான் முட்டை வரும். அட்டையின் பசையே அதற்குத் தீனி. புத்தகங்களைப் படுக்க வைத்து அடுக்குங்கள், அல்லது அலமாரியில் போல நிறுத்துங்கள். பக்கங்கள் கீழ்நோக்கித் தொங்குமாறு வைத்தால் தையல் பிய்யும். ஈரக்காற்றில் அட்டை பலம் இழக்கும் என்பதால் மூன்று பெட்டிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டாம்.

பித்தளையைப் புளி போட்டுத் துலக்கிவிட்டு உடனே கட்டினால் மிச்சமிருக்கும் புளிப்பும் உப்பும் பச்சைக் களிம்பாகப் பூக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் சூடேறக் காய வைத்து, குத்துவிளக்கின் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக எடுத்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெள்ளிப் பாத்திரம் ஏதாவது இருந்தால் ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

பிரிட்ஜை ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அணைத்து, கதவைத் திறந்து காய விடுங்கள். பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் நிற்கும். எல்லோரும் மறப்பது அதைத்தான். கொசுவும் நாற்றமும் அங்கிருந்துதான் வரும். கதவின் ரப்பர் மடிப்புகளைத் துடைத்து, கதவு இரண்டு அங்குலம் திறந்தே இருக்கும்படி சுருட்டிய துண்டை வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். மூடி வைத்தால் உள்ளே முழுக்கப் பூசணம். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால் அடியில் இருக்கும் பில்டரைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்து, வாங்கியபோது கழற்றிய டிரான்சிட் போல்ட்டுகளை டிரம்முக்குத் திரும்ப மாட்ட வேண்டும். தொலைத்திருந்தால் சர்வீஸ்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இல்லாமல் லாரியில் ஏற்றினால் டிரம் ஆடி ஸ்பிரிங் போகும். டிவியை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். ரிமோட், கடிகாரம், பொம்மை எல்லாவற்றிலிருந்தும் செல்களை எடுத்துவிடுங்கள். கிரைண்டரின் குழவி அச்சில் காய்ந்த மாவு இருந்தால் அது கரப்பானுக்கு விருந்து.

இன்வெர்ட்டரை வைக்கலாம், அதன் பேட்டரியை வைக்கக் கூடாது. சார்ஜ் ஏற்றாமல் கிடந்தால் சில மாதங்களில் தகடுகளில் சல்பேட் படிந்து செத்துப் போகும். அமிலம் கசியும் அபாயமும் உண்டு. பேட்டரிக் கடையில் விற்றுவிடுங்கள். சமையல் கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, அதற்கான சான்றாக டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்கும். பிறகு இணைப்பு வாங்கவும் அது உதவும். பெட்ரோல், பெயிண்ட், தின்னர், அரிசி பருப்பு, மெழுகுவர்த்தி, சோப்பு எதுவும் அறைக்குள் வேண்டாம். சோப்பை எலி தின்னும்.

நகை, பத்திரம், சான்றிதழ், பழைய போட்டோ ஆல்பம் இவற்றுக்கு இடம் வங்கி லாக்கர். தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஸ்டோரேஜ் நிறுவனத்தின் பொறுப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அளவுதான். அந்தப் பத்தியை நிதானமாகப் படியுங்கள். காப்பீடு எடுக்கும்போது புயல், வெள்ளம் இரண்டும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சாமான் இருக்கும் இடமாகக் கிடங்கின் முகவரி இருக்க வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியம் மிச்சம் பிடிக்காதீர்கள். பாலிசியில் சராசரி விதி (மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடோ, இழப்பிலும் அத்தனை பங்கே தருவது) இருந்தால், 6 லட்ச ரூபாய்ச் சாமானை 3 லட்சத்துக்குக் காப்பீடு செய்து ஒரு லட்சத்துக்குச் சேதமானால் கைக்கு வருவது 50,000தான். ஒவ்வொரு பொருளையும் மாடல் எண் தெரியப் போட்டோ எடுத்து, பெட்டிகளுக்கு எண் போட்டு, பட்டியலை உங்கள் இமெயிலில் வைத்திருங்கள்.

வாடகை தானாகப் பிடிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவரானதும் உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அப்போது பழைய ஆட்டோ டெபிட் உத்தரவு தொடர்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். கார்டு வழியாகக் கட்டினால் அது காலாவதியாகும் மாதத்தைக் குறித்து வையுங்கள். வாடகை நின்று, நினைவூட்டல்கள் அணைந்துபோன இந்திய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தால், ஒப்பந்தப்படி சாமான்களை விற்கும் கட்டத்துக்கே போய்விடலாம். உறவினரின் எண்ணையும் ஜெர்மனி எண்ணையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அறையைத் திறக்க அனுமதி பெற்றவராக அந்த உறவினரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். சாவி மட்டும் இருந்தால் வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

அவர் ஆண்டுக்கு மூன்று முறை போனால் போதும்: அக்டோபர் தொடக்கத்தில், பெருமழை முடிந்த டிசம்பர் கடைசியில், வெயில் ஏறும் மார்ச் கடைசியில். அறைக்குள் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வையுங்கள். அவர் போகும்போதெல்லாம் அதைப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். 65க்குக் கீழ் இருந்தால் நிம்மதி. 70க்கு மேலேயே நிற்கிறது என்றால் வேறு அறை கேளுங்கள். மார்ச்சில் போகும்போது ஷட்டரை மதியம் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, மின்விசிறி ஒன்றை ஓட விடச் சொல்லுங்கள்.

சாமான்களை விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் அனுப்புவதுதான் வழக்கம். நீங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பெரிய சாமான்களை அனுப்பிவிடுங்கள். மூன்று வாரம் பாயும் இரண்டு பாத்திரமுமாகச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆனால் 20 நாள் கழித்து, ஒரு மழையாவது பெய்த பிறகு, நீங்களே போய் ஷட்டரைத் திறந்து மூக்கை நம்பிப் பாருங்கள். பூசண வாடை வந்தால் அறையை மாற்ற அப்போது நீங்கள் இங்கேயே இருப்பீர்கள்.